படத்தைக் கொஞ்சம் வெட்டிப் பாருங்கள்

ஆங்கிலத் தாளில் ஒரு படம் வந்தால் பிள்ளைகளுக்கு முகம் மலர்ந்துவிடும். நீளமான பந்தி இல்லை, தெரியாத சொல் இல்லை, படம்தானே என்ற தைரியம். புள்ளி வரும்போதுதான் முகம் சுருங்கும். கவிதையிலும் கதைப் பகுதியிலும் நன்றாக எடுத்த பிள்ளை, படக் கேள்வியில் நாலுக்கு ஒன்று எடுத்துவிட்டு, “எல்லாம் எழுதினேனே ரீச்சர்” என்று நிற்கும். பொய் இல்லை. படத்தில் என்னென்ன இருக்கிறது என்று ஒன்றும் விடாமல் எழுதியிருக்கும். ஆனால் கேள்வி கேட்டது அதை இல்லை.

நான் மட்டக்களப்பு கல்லடியில் வீட்டு விறாந்தையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள். வருகிறவர்கள் பெரும்பாலும் பதினோராம் தரத்தில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள். அதோடு சிட்னியில் இருக்கும் அக்காவின் மகளுக்கும் சூமில் சொல்லிக்கொடுக்கிறேன். அவள் பன்னிரண்டாம் ஆண்டு, பள்ளிப்படிப்பின் இறுதிப் பரீட்சையான எச்.எஸ்.சி. எழுதப்போகிறாள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அந்தப் பரீட்சைக்கு ஆங்கிலம் கட்டாயம்; விட்டுவிட்டு வேறு பாடம் எடுக்க வழியில்லை. இப்போதுள்ள முறையில் முதலாம் தாள் ஒன்றரை மணித்தியாலம், 40 புள்ளி. அதில் பாதி, அதாவது 20 புள்ளி, முன்பின் பார்த்திராத பகுதிகளுக்கு. ஒரு கவிதை, ஒரு கதைத்துண்டு, ஒரு கட்டுரைத்துண்டு என்று வரும். அவற்றோடு ஒரு படமும் வரலாம். புத்தக அட்டை, சுவரொட்டி, புகைப்படம், சித்திரம் எதுவாகவும் இருக்கலாம். விஷுவல் டெக்ஸ்ட் என்பார்கள். கவிதையை எப்படி வரி வரியாகப் படிக்கிறோமோ அப்படிப் படத்தையும் படித்து எழுதவேண்டும்.

அங்கே குளிர்காலத்தில் இரவு எட்டரை என்றால் இங்கே பின்னேரம் நாலு மணி. விறாந்தையில் என் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் நேரம். தனித்தனியாக இரண்டு வகுப்பு எடுக்க எனக்குப் பொறுமை இல்லாததால் மடிக்கணினியை மேசையில் வைத்து எல்லாரையும் ஒன்றாகவே இருத்திவிட்டேன். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கலவை வகுப்பில் கண்டவை.

முதலில் கேள்வியில் உள்ள வினைச்சொல்லைப் பார்க்கவேண்டும். சிட்னித் தாளைத் தயாரிக்கும் பாடவிதானச் சபை இந்தச் சொற்களுக்குப் பொருளை எழுதியே வைத்திருக்கிறது. டிஸ்கிரைப் என்றால் இயல்புகளைச் சொன்னால் போதும். எக்ஸ்பிளெய்ன் என்றால் காரணத்தையும் விளைவையும் தொடுத்து, ஏன் அல்லது எப்படி என்று காட்டவேண்டும். அனலைஸ் என்றால் கூறுகளைப் பிரித்து, ஒன்றுக்கொன்று என்ன தொடர்பு, அதிலிருந்து என்ன பெறப்படுகிறது என்று சொல்லவேண்டும். பிள்ளைகள் மூன்றுக்கும் ஒரே விடையை எழுதுகிறார்கள்: படத்தில் ஒரு பெண் நிற்கிறாள், பின்னால் ஒரு மரம் இருக்கிறது, வானம் இருண்டிருக்கிறது. டிஸ்கிரைப் என்று கேட்டிருந்தால் இது சரி. அனலைஸ் என்று கேட்டிருந்தால் இது தொடங்கவே இல்லை.

நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். படத்தில் எதுவும் தானாக வந்து உட்காரவில்லை. ஒருவர் இதை உள்ளே வைத்தார், இன்னொன்றை வெளியே தள்ளினார், கமராவை இங்கே வைத்தார், அங்கே வைக்கவில்லை. அந்த முடிவால் பார்க்கிற நமக்கு என்ன எண்ணம் வருகிறது என்று எழுதுவதற்குத்தான் புள்ளி. சொல்ல இலகு. பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைக்கு, கண்முன்னே இருக்கிற படத்தை வேறுமாதிரி எடுத்திருக்கலாம் என்ற நினைப்பே வராது. அதற்கு ஒரு வழி இருக்கிறது: படத்தில் ஏதாவது ஒன்றை மாற்றிப் பார்ப்பது. மறைக்கலாம், வெட்டலாம், இடம் மாற்றலாம். மாற்றியதும் என்ன போய்விடுகிறதோ, அதுதான் அந்தக் கூறு செய்துகொண்டிருந்த வேலை.

இதை நான் விளக்கியது ஒரு ரியூசன் வகுப்பு விளம்பரப் பெனரை வைத்து. எங்கள் ஊரில் இதற்குக் குறைச்சலே இல்லை. ஒவ்வொரு சந்தியிலும் ஒரு சேர், அதாவது ஆசிரியர், தொங்குவார். நான் போனில் எடுத்துவந்த பெனரில் நடுவில் சேர், கறுப்புக் கோட், கை கட்டியிருக்கிறார், நாடி சற்று மேலே. கமரா அவர் இடுப்பளவில் இருந்து மேல்நோக்கிப் பார்க்கிறது. பின்னால் நீல வெளிச்சமும் தீப்பொறியும். அவருடைய முழங்காலுக்குக் கீழே இரண்டு வரிசையாக, சாதாரண தரத்தில் ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளைகள், முத்திரை அளவில். எல்லாரும் பாடசாலை அடையாள அட்டைக்கு எடுத்த படத்தில் இருக்கிற அதே விறைப்போடு.

என்ன தெரிகிறது என்று கேட்டேன். “சேர் பெரிசா இருக்கார்.” சரி. அடுத்து கொப்பி ஒன்றால் சேரை மறைத்தேன். மிஞ்சியது என்ன? ஒரு பாடசாலை வருடாந்த மலரில் வரும் பெறுபேற்றுப் பக்கம். கெட்டிக்காரப் பிள்ளைகள், அவ்வளவுதான். பிறகு சேரை விட்டுவிட்டுப் பிள்ளைகளை மறைத்தேன். “படப் போஸ்டர் ரீச்சர்!” என்று சிரிப்பு. உண்மை, அடுத்த வெள்ளிக்கிழமை வெளிவருகிற படத்தின் நாயகன். இரண்டையும் திறந்து வைத்தால்தான் பெனர் சொல்ல வந்தது வருகிறது: இந்தப் பெறுபேறுகளுக்குக் காரணம் இவர். பிள்ளைகள் எடுத்த புள்ளிதான் அவர் ஏறி நிற்கும் பீடம். அதையும் பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளைதான் சொன்னாள், நான் சொல்லவில்லை.

இதை விடையாக்கினால் ஒரே வாக்கியம் போதும். கமரா கீழிருந்து மேல்நோக்கி இருப்பதாலும் ஆசிரியரின் உருவம் நடுப்பகுதி முழுவதையும் அடைத்திருப்பதாலும், சிறுசிறு சட்டங்களில் இருக்கும் மாணவர்களின் வெற்றி அவரிடமிருந்தே வருகிறது என்ற எண்ணத்தைப் பதாகை உண்டாக்குகிறது. என்ன செய்தார்கள், படத்தில் எங்கே, அதனால் நாம் என்ன நினைக்கிறோம் – மூன்றும் அதற்குள் இருக்கின்றன. பிள்ளைகள் வழக்கமாக எழுதுவது இப்படி: “இந்தப் படத்தில் லோ ஏங்கிள் பயன்படுத்தப்பட்டுள்ளது. அது அதிகாரத்தைக் காட்டுகிறது.” யாருடைய அதிகாரம், யார்மேல், எந்த இடத்தில்? இந்த இரண்டு வாக்கியத்தையும் உலகத்தில் எந்தப் படத்துக்கும் எழுதலாம். எந்தப் படத்துக்கும் பொருந்துகிற விடை இந்தப் படத்துக்குரிய விடை ஆகாது.

கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளும் பயிற்சிக்கு நல்லவை, கொஞ்சம் மனசைக் கட்டுப்படுத்திக்கொண்டு செய்தால். இறந்தவர் நேராக நம்மைப் பார்ப்பார். அந்தப் படத்தைப் பெரும்பாலும் யாருடையவோ கல்யாணப் படத்திலிருந்து வெட்டியெடுத்திருப்பார்கள். தோற்றம், மறைவு என்று இரண்டு திகதி. கீழே அஞ்சலி செலுத்துகிறவர்களின் படங்கள். கீழே உள்ள படங்கள் மேலே உள்ளவரின் படத்தளவுக்கு வளர்ந்துவிட்ட பதாகைகளும் நம் ஊரில் உண்டு. அது யாருக்கான பதாகை என்று கேட்டால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடும். அளவு என்பது ஒரு முடிவு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எந்தப் பாடப்புத்தகத்தாலும் முடியாது.

இனி அக்காவின் மகளுக்கு நடந்தது. இங்கேதான் எனக்கே சில விஷயம் புரிந்தது.

1924 இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தில் நின்று நான் ஒரு காலைநேரம் எடுத்த படம் ஒன்றைக் கொடுத்தேன். கீழே வாவி. படத்தில் முக்கால் பங்கு தண்ணீர். வலது கீழ் மூலையில் ஒரு தோணி, அதில் ஒருவர், நமக்கு முதுகு காட்டி நிற்கிறார். பாலத்தின் நிழல் தண்ணீரில் ஒரு கறுப்புப் பட்டையாக விழுந்து, அவருக்கும் கரைக்கும் இடையில் கிடக்கிறது. வேறு ஒன்றும் இல்லை.

சிட்னியிலிருந்து வந்த விடை தனிமை. நன்றாகவே எழுதியிருந்தாள். வெறும் தண்ணீர் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வதால் மனிதர் சிறுத்துப்போகிறார், முகம் தெரியாததால் நம்மால் அவரை நெருங்க முடியவில்லை, மேலிருந்து எடுத்திருப்பதால் பலவீனமாகத் தெரிகிறார், நிழல் அவரைக் கரையிலிருந்து பிரிக்கிறது. நெகட்டிவ் ஸ்பேஸ் (வெற்றிடம்), ஹை ஏங்கிள் (மேலிருந்து பார்க்கும் கோணம்) என்று பெயரும் போட்டிருந்தாள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

விறாந்தையில், கடலோர ஊரான நாவலடிப் பக்கமிருந்து வரும் ஒரு பையன் இருந்தான். அதுவரை வாயே திறக்காதவன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “ரீச்சர், இவர் போகல்ல, வாறார். வலை நனைஞ்சு குமிஞ்சு கிடக்கு. தோணியும் தாழ்ந்துதான் வருது, பாடு நல்லம்போல” என்றான். பாடு என்றால் அன்றைக்குப் பட்ட மீன். “மறுகா இதில என்ன தனிமை, வீட்ட போறார்.”

எல்லாரும் திரும்பப் படத்தைப் பார்த்தோம். வலை தோணியின் அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், கருத்துக் குவிந்து கிடந்தது. தோணியின் விளிம்பு தண்ணீருக்கு நெருக்கமாக இருந்தது. படம் எடுத்த நானே அதைக் கவனிக்கவில்லை. சூமில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “சின்னம்மா, அப்ப என்ர விடை பிழையா?” என்று கேட்டாள்.

பிழை இல்லை. அவள் படத்தின் அமைப்பைப் பார்த்தாள், அவன் படத்தில் உள்ள பொருளைப் பார்த்தான். அவளுக்கு வலை ஒரு கறுப்புப் பொட்டு. அவனுக்குத் தண்ணீர் வெறும் இடமே அல்ல, வேலை செய்யும் இடம். இரண்டு பேரும் ஆதாரத்தோடுதான் பேசினார்கள். எச்.எஸ்.சி. தாளில் படத்துக்கு ஒரே ஒரு சரியான விடை என்று கிடையாது. சொல்வதற்குப் படத்துக்குள் ஆதாரம் இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஆனால் நல்ல விடை எங்கே இருக்கிறது என்றால், இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதில். அந்த முதலாம் தாளின் பொதுப் பகுதி மனித அனுபவங்களைப் பற்றியது. மனித நடத்தையிலுள்ள முரண்களையும் பொருந்தாமைகளையும் பார்க்கச் சொல்லிப் பாடவிதானமே கேட்கிறது. அமைப்பு இவரைத் தனியனாகக் காட்டுகிறது, நனைந்த வலையும் தாழ்ந்த தோணியும் இவர் தனக்குப் பழகிய இடத்தில் வேலை முடித்துத் திரும்புகிறார் என்கின்றன. தூரத்தில் நின்று பார்ப்பவருக்குத் தனிமையாகத் தெரிவது அவருக்கு ஒரு சாதாரண காலை. இப்படி எழுதினால் அது ஆறு புள்ளிக் கேள்விக்குத் தாங்கும்.

சரி, இதையே மாற்றிப் பார்த்தோம். போனில் படத்தை வெட்டினோம். மேலே உள்ள தண்ணீரை எல்லாம் நறுக்கி, தோணி படத்தை நிரப்பும்படி வைத்தால் தனிமை காணாமல் போய்விட்டது. உழைக்கும் ஒருவர் மட்டும் மிஞ்சினார், முதுகுத் தசை தெரிந்தது. தண்ணீரைத் திரும்ப விட்டு, நிழலை மட்டும் விரலால் மறைத்தால் படம் விடுமுறை நாட்காட்டிப் படமாகிவிட்டது. நிழல்தான் அதில் ஒரு கலக்கத்தை வைத்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. பரீட்சை மண்டபத்தில் போன் இல்லை, ஆனால் கை இருக்கிறது. தாளின் ஓரத்தையோ அடிமட்டத்தையோ வைத்து ஒரு பகுதியை மூடிப் பார்க்க யாரும் தடை சொல்லப்போவதில்லை. இதைச் செய்யப் பழகிய பிள்ளை ‘ஷோஸ்’ (காட்டுகிறது) என்ற ஒரே வினைச்சொல்லை வைத்துக்கொண்டு எல்லா வாக்கியத்தையும் முடிக்காது. எது இல்லாமல் போனது என்று தெரிந்தவுடன் பொருத்தமான வினைச்சொல் தானாகத் தேடிவரும்: இம்ப்ளைஸ் (உணர்த்துகிறது), எம்பசைசஸ் (அழுத்துகிறது), ஐசொலேட்ஸ் (தனிமைப்படுத்துகிறது), கொன்ட்ராஸ்ட்ஸ் (முரண்பட வைக்கிறது), இன்வைட்ஸ் (அழைக்கிறது). இந்த ஐந்தும் இருந்தால் பெரும்பாலான படங்களைச் சமாளிக்கலாம்.

நுட்பங்களின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் ஐம்பது, அறுபது என்று பட்டியல் போட்டு விற்கிறார்கள். அக்காவின் மகளும் அப்படி ஒன்றை அச்சடித்து வைத்திருந்தாள். தேவையில்லை. அளவு, இடம், கமராக் கோணம், தூரம், பார்வை, வெளிச்சம், நிறம், எழுத்து – இவற்றைப் பற்றிப் பேசத் தெரிந்தால் போதும். பார்வை என்பதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிள்ளைகள் அதைத்தான் தவறவிடுகிறார்கள். படத்தில் உள்ளவர் நம் கண்ணைப் பார்த்தால் நம்மிடம் ஏதோ கேட்கிறார். நன்கொடை கேட்கும் விளம்பரங்களில் குழந்தை நேராகப் பார்ப்பது அதனால்தான். அவர் வேறெங்கோ பார்த்தால் நாம் ஒளிந்திருந்து பார்ப்பவர் ஆகிவிடுகிறோம். நம் கண்ணும் அவர் பார்க்கும் திசைக்குப் போகும். அந்தத் திசையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அனேகமாகப் படத்தின் விஷயம் அங்கேதான் இருக்கும். ஒன்றும் வைக்காமல் சட்டத்துக்கு வெளியே பார்க்க விட்டிருந்தால், அதுவும் ஒரு முடிவு.

நிறத்தில் பிள்ளைகள் அகராதி மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். சிவப்பு ஆபத்து, வெள்ளை சமாதானம், கறுப்பு துக்கம். எங்கே படித்தார்களோ தெரியாது. நம் வீதியில் மரண வீட்டுக்கு வழிகாட்டுவது வெள்ளைக் கொடி. கோயில் மதிலில் சிவப்பும் வெள்ளையும் பட்டி பட்டியாக இருக்கும், அதில் ஆபத்தும் இல்லை, சமாதானமும் இல்லை. கல்யாணக் கூறை சிவப்பு. ஆகவே ஒரு நிறத்துக்கு என்ன பொருள் என்று கேட்காமல், இந்தப் படத்தில் இந்த நிறம் வேறு எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்று கேட்கச் சொல்வேன். படம் முழுக்கச் சாம்பல் நிறமாக இருந்து ஒரு பிள்ளையின் செருப்பு மட்டும் மஞ்சளாக இருந்தால், மஞ்சள் மகிழ்ச்சியின் நிறம் என்பதைவிட, அது ஒன்றுதான் நிறம் என்பது முக்கியம். செருப்பை மனசுக்குள் சாம்பலாக்கிப் பாருங்கள், விடை வந்துவிடும்.

படத்தில் எழுத்து இருந்தால் பிள்ளைகள் முதலில் எழுத்துக்கே ஓடுகிறார்கள். பழக்கதோஷம், வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிக்கத்தான் செய்வார்கள். அதை வாசித்தவுடன் படம் முடிந்துவிடுகிறது. டெங்குச் சுவரொட்டி ஒன்றை எடுத்துக்கொண்டோம். மழைக்காலம் வந்தால் இங்கே எங்கும் இருக்கும். சுற்றாடலைச் சுத்தமாக வைத்திருங்கள் என்று எழுதியிருந்தது. எல்லாரும் அதையே விடையாக எழுதினார்கள்: சுற்றாடலைச் சுத்தமாக வைத்திருக்கச் சொல்கிறது. எழுத்தை மூடினேன். இப்போது தெரிவது வீட்டைவிடப் பெரிய நுளம்பு, வீட்டு முற்றத்தில் கவிழாமல் கிடக்கும் ஒரு சிரட்டை, வீட்டுக் கதவு திறந்திருக்கிறது, உள்ளே ஒருவரும் இல்லை. சொற்கள் கண்ணியமாகக் கேட்டுக்கொள்கின்றன, படம் பயமுறுத்துகிறது. சிரட்டை இத்தனை சின்னது, நுளம்பு அத்தனை பெரியது, ஒன்றிலிருந்துதான் மற்றது வந்தது என்பதை அளவே சொல்கிறது. சொல்லும் படமும் ஒரே குரலில் பேசுகின்றனவா, இரண்டு குரலிலா என்று கேட்பதற்குத் தாளில் இடம் கிடைத்தால் விடவே கூடாது. பெரும்பாலும் கூடுதல் புள்ளி அங்கே கிடக்கும்.

இப்போது கோயில் திருவிழாப் பதாகை, பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் செயற்கை நுண்ணறிவில் செய்து தொங்கவிடுகிறார்கள். ஒன்றில் முருகனுடைய கையில் விரல் கூட இருந்ததைப் பிள்ளைகள் கண்டுபிடித்துக் கொண்டாடினார்கள். “இதை ஆரும் முடிவு செய்யல்லயே ரீச்சர், கணினிதானே செஞ்சது” என்று ஒருத்தி மடக்கினாள். நல்ல கேள்வி. வந்த பல படங்களில் இதைத்தான் தொங்கவிடலாம் என்று ஒருவர் தெரிவு செய்தாரே, அவருடைய முடிவைப் பற்றி எழுதலாம் என்றேன். அவளுக்கு முழுத் திருப்தி இல்லை. எனக்கும் இல்லை.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாக. சிட்னித் தாளில் எழுதத் தொடங்கும் முன் பத்து நிமிடம் வாசிப்பதற்கு உண்டு. அந்த நேரத்தில் எழுத முடியாது. பிள்ளைகள் அதில் கட்டுரைப் பகுதியை இரண்டு தரம் வாசித்துவிட்டுப் படத்தை ஒரு தரம் பார்க்கிறார்கள். மாறிச் செய்யச் சொல்லியிருக்கிறேன். படத்தை முதலில் பார், பிறகு மற்றவற்றை வாசி, மணி அடிக்கும் முன் திரும்பப் படத்துக்கு வா. இரண்டாம் தரம் பார்க்கும்போது நடுவைப் பார்க்காமல் ஓரங்களை மட்டும் சுற்றி வா. ஓரத்தில் வெட்டுப்பட்டுக் கிடக்கும் ஒரு கை, பாதி தெரியும் ஒரு கதவு, இவையெல்லாம் முதல் பார்வையில் சிக்காது. அதன் பிறகு 20 புள்ளிக்கும் சேர்த்து நாற்பத்தைந்து நிமிடம் வைத்துக்கொண்டால் ஒரு புள்ளிக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். மூன்று புள்ளிக் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதுவது வீண். இரண்டு கூறுகளை எடுத்து ஒழுங்காக முடித்தால் போதும். கேள்வியில் உள்ள சொல்லை முதல் வாக்கியத்திலேயே எடுத்துவிடவேண்டும். நம்பிக்கை பற்றிக் கேட்டால் நம்பிக்கை என்ற சொல்லோடு தொடங்கவேண்டும், நெகட்டிவ் ஸ்பேஸோடு அல்ல.

இனி நம்முடைய சாதாரண தரத்துக்கு வருவோம், விறாந்தையில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள். இங்கே ஆங்கிலம் இரண்டு தாள். கூற்றுக்குப் பொருத்தமான படம், அறிவித்தல், படத்தைப் பார்த்து நிரப்புவது என்று சின்னச் சின்னதாக வரும். பெரியது வரைபடம்: சலாகை வரைபடமோ வட்ட வரைபடமோ தந்து, சுமார் நூறு சொல்லில் விவரிக்கச் சொல்வார்கள். இங்கேதான் மேலே சொன்ன பலதையும் தலைகீழாகத் திருப்பவேண்டும். அங்கே ஏன் என்று எழுதாவிட்டால் புள்ளி இல்லை. இங்கே ஏன் என்று எழுதினால் புள்ளியும் இல்லை, நேரமும் போச்சு.

ஒரு பாடசாலை நூலகத்தில் தரம் தரமாக எத்தனை பேர் புத்தகம் எடுத்தார்கள் என்று ஒரு பயிற்சி வரைபடம் கொடுத்தேன். ஒருத்தி, தரம் பதினொன்றுக்காரர் ஏன் வாசிப்பதில்லை, ரியூசனால் நேரமில்லை, போன் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது என்று அருமையாக எழுதியிருந்தாள். வாசிக்க எனக்கே ஆசையாக இருந்தது. வரைபடத்தில் போனும் இல்லை, ரியூசனும் இல்லை. வரைபடத்தில் உள்ளது தலைப்பு, இரண்டு அச்சு, சில சலாகை. விடையும் அந்த எல்லைக்குள்தான் நிற்கவேண்டும். இன்னொரு வகையினர் சலாகை சலாகையாக வாசித்துக்கொண்டு போவார்கள்: தரம் ஆறு நாற்பது, தரம் ஏழு முப்பத்தைந்து, தரம் எட்டு முப்பது. இது விவரிப்பு இல்லை, இடாப்புக் கூப்பிடுவது. முதல் வாக்கியத்தில் வரைபடம் எதைப் பற்றியது என்று தலைப்பை உன் சொல்லில் சொல். பிறகு எது கூட, எது குறைவு. அதன் பிறகு ஒன்றையொன்று ஒப்பிட்டு இரண்டு மூன்று வாக்கியம்: இது அதன் இரண்டு மடங்கு, இவை இரண்டும் ஏறத்தாழச் சமம், ஆறிலிருந்து பதினொன்றுக்குப் போகப் போகக் குறைகிறது. கடந்த ஆண்டைக் குறிப்பிட்டிருந்தால் வினைச்சொல் இறந்தகாலத்தில் இருக்கவேண்டும். இதில்தான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள்.

கடிதம் அல்லது வரைபடம் என்று தெரிவு தந்திருந்தால், சொல்வளம் குறைந்த பிள்ளையை வரைபடத்தின் பக்கம் தள்ளுவேன். பிள்ளைகளுக்குக் கடிதம்தான் பிடிக்கும், மனப்பாடம் செய்த தொடக்கமும் முடிவும் கையில் இருப்பதால். ஆனால் நடுவில் எழுதவேண்டியதற்குச் சொல் வேண்டுமே. வரைபடத்துக்குத் தேவையான பெயர்ச்சொல் எல்லாம் தாளிலேயே எழுத்துப் பிழையில்லாமல் அச்சாகியிருக்கும், பார்த்து எழுதலாம். ஒப்பிடும் சொற்கள் பத்துப் பன்னிரண்டு பாடமாக இருந்தால் ஒப்பேற்றிவிடலாம். என் வகுப்பில் அந்தச் சொற்களை விறாந்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். வேறு ஊரிலிருந்து கேட்ட இரண்டு மூன்று ஆசிரியர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியும் இருக்கிறேன். நாவலடிப் பையன் போன தவணையில் வரைபடத்தைத்தான் எழுதினான். காரணம் ஒன்றும் எழுதவில்லை. “எழுத வாய் துடிச்சது ரீச்சர்” என்றான்.